கடற்காற்றும் தோல் இருக்கையும்

1988-ஆம் ஆண்டில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டபின், மோட்டார் வண்டிகள் நேரே இராமேசுவரத் தீவை அடைகின்றன. அவற்றின் தோல் இருக்கைகளைக் காக்கும் வகையைக் கூற விரும்புகிறேன்.

ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடுதல் தமிழகத்தின் பழந்தொழில். பதனிட்ட தோலின் நாரிழைகளுக்கிடையே ஊட்டப்பெறும் எண்ணெயே அதற்கு நெகிழ்ச்சி தருகிறது. கடும் வெயிலில் தோல் வறண்டு வெடிக்கும். கடலாடிய ஈர உடையுடன் அமர்ந்தால் உப்பு தையலிடுக்கில் தங்கும். உப்பு ஈரத்தை ஈர்க்க, பூஞ்சணம் பூக்கும்.

முதலில் மணலை மென்தூரிகையால் அகற்றுக, துடைத்தால் கீறும். பின்னர் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துக. சலவைச் சோடா வேண்டா. தோல் சற்றே அமிலத்தன்மையுடையது, காரம் அதைக் கெடுக்கும். இறுதியில் தோலுக்குரிய களிம்பை மெல்லெனத் தடவுக.

நன்னீர் அரிதான இராமநாதபுரச் சீமையிலும் இதற்கு ஒரு செம்பு நீர் போதும்.