புவிக்காந்தப் புயலும் நீண்ட கடத்திகளும்

1989 மார்ச் 13ஆந் திகதி அதிகாலை 2.44 மணிக்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் தடைப்பட்டது. இரண்டு நிமிடங்களுக்குள் மாகாணம் முழுவதும் இருளில் மூழ்கியது. கடுங்குளிர் காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் 9 மணித்தியாலம் வரை மின்சாரமின்றித் தவித்தனர். இதற்குக் காரணம் சூரியன். மின்காந்தத் தூண்டல் பற்றிக் கற்ற உங்களால் இந்நிகழ்ச்சியை விளக்க முடியும்.

சூரியனிலிருந்து சில வேளைகளில் ஏற்றமுள்ள துணிக்கைகள் பெருந்திரளாக வெளியே வீசப்படுகின்றன. அவை புவியின் காந்தப்புலத்தைத் தாக்கும்போது, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் வளிமண்டலத்தில் பெரும் மின்னோட்டங்கள் பாய்கின்றன. இதனால் நிலமட்டத்திலும் காந்தப்புலம் மாறிக்கொண்டேயிருக்கும். இதுவே புவிக்காந்தப் புயலாகும். துணிக்கைகள் மின்கம்பிக்குள் புகுந்துவிட்டன என எழுதிவிடாதீர்கள், அது தவறு. மாறும் காந்தப்புலம் நிலத்திலும் நீண்ட கடத்திகளிலும் மின்னியக்க விசையைத் தூண்டுகின்றது என்பதே சரியான விடை.

தூண்டப்படும் அழுத்தம் கிலோமீற்றருக்கு 1 வோல்ற்று எனக் கொள்வோம். 1000 கிலோமீற்றர் நீளமான மின்கம்பியில் அது 1000 வோல்ற்று ஆகும். கியூபெக்கின் பிரதான கம்பிகள் 735 000 வோல்ற்றில் இயங்குபவை. அப்படியாயின் இந்த 1000 வோல்ற்று அற்பமல்லவா? அளவில் அற்பந்தான். தீங்கு அதன் தன்மையில் உள்ளது. வழங்கல் மின்னோட்டம் செக்கனுக்கு 60 சக்கரங்கள் ஆடும் ஆடலோட்டம். புயலால் உண்டாகும் மின்னோட்டமோ மாறுவதற்குப் பல நிமிடங்கள் எடுக்கும். எனவே நிலைமாற்றிக்கு அது நேரோட்டம் போன்றதே. புவித்தொடுப்பின் வழியே அது நிலைமாற்றியின் சுருளுக்குள் நுழைகின்றது. அகணி ஒரு திசையில் காந்தமாகி, ஒவ்வொரு சக்கரத்தின் ஓர் அரைப்பகுதியிலும் நிரம்பிவிடுகின்றது. அதன்பின் காந்தப்பாயம் அகணிக்கு வெளியே கசியும். உலோகப் பகுதிகள் சூடேறும். மின்னோட்டத்தின் அலைவடிவம் திரிபடையும். அன்றிரவு நியூ ஜேர்சியிலுள்ள சேலம் அணுமின் நிலையத்தின் நிலைமாற்றியொன்று இவ்வாறே சேதமடைந்தது.

கியூபெக்கில் நிகழ்ந்தது சற்று வேறானது. அங்கு வோல்ற்றளவை நிலைப்படுத்தும் 7 சாதனங்கள், திரிபடைந்த அலைவடிவத்தினால் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே நின்றுவிட்டன. அதனைத் தாங்காது முழு வலையமைப்பும் வீழ்ந்தது. அப்பிரதேசத்தின் நிலம் மின்னை எளிதிற் கடத்தாத பழம்பாறையாலானது என்பதையும் மறவாதீர்கள். நிலத்தினூடே செல்ல வழி குறைவாக இருந்தமையால் மின்னோட்டம் கம்பிகளை நாடியது.

இனி எண்ணெய், வாயுக் குழாய்களைப் பார்ப்போம். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய் ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் நீளமானது. இத்தகைய உருக்குக் குழாயும் ஒரு நீண்ட கடத்தியே. புதைக்கப்பட்ட குழாய் துருப்பிடிக்காதிருக்க அதற்குக் காவலிப் பூச்சுப் பூசி, நேரோட்ட முதலொன்றின் மறைமுனையையும் அதனுடன் இணைப்பர். இது நீங்கள் அறிந்த கதோட்டுப் பாதுகாப்பாகும். புயலின்போது குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் மேலும் கீழுமாக அலைகின்றது. பூச்சு பழுதடைந்த இடத்தில் மின்னோட்டம் குழாயிலிருந்து மண்ணுக்குப் பாயும் வேளைகளில் அவ்விடம் அனோட்டாகி, இரும்பு ஒட்சியேற்றப்பட்டுக் கரைகின்றது. ஒரு புயலில் குழாய் வெடித்துவிடாது. பாதிப்பு ஆண்டுக்கணக்கிற் சேர்வதாகும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. குழாயின் அந்தங்களிலும் வளைவுகளிலும் இது கூடுதலாக இருக்கும்.

முனைவுகளை அண்டிய நாடுகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. இலங்கை மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் நமக்கு ஆபத்துக் குறைவு. இன்று புவியிலிருந்து சூரியன் பக்கமாக ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள விண்கலங்கள் துணிக்கைத்திரளை முன்னரே உணர்கின்றன. 2024 மே மாதத்துப் பெரும் புயலின்போது நியூசிலாந்து மின் நிர்வாகிகள் சில மின்கம்பிகளை முற்காப்பாகத் துண்டித்துவைத்தனர்.

பயிற்சி: ஒரே புயலில், 1000 கிலோமீற்றர் நீளமான மின்கம்பி பாதிக்கப்பட, உமது வீட்டு மின்சுற்றிலுள்ள கம்பிகளில் தூண்டப்படும் அழுத்தம் புறக்கணிக்கத்தக்கதாக இருப்பது ஏன்?