காரில் ஒரு வெப்பமானி

இக்காலத்து மோட்டார் கார்களில் காரோட்டியின் முன்னுள்ள பலகையைப் பார்த்தால், வேகத்தையும் பெட்ரோலின் அளவையும் காட்டும் கருவிகளுக்கு நடுவே ஒரு சிறிய எண்ணையும் காணலாம். வெளிக்காற்றின் வெப்பநிலை இத்தனை டிகிரி என்று அது அறிவிக்கிறது. மே மாதத்துப் பிற்பகலில், நெரிசலில் சிக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் காரில் அவ்வெண் 46 என்றோ 47 என்றோ நிற்கும். வீடு திரும்பி வானொலிச் செய்தியைக் கேட்டால், அன்றைய உச்ச வெப்பநிலை 41 டிகிரிதான் என்பார்கள். உடனே, "உண்மையான சூட்டை மறைக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு எழுகிறது. ஒவ்வொரு கோடையிலும் இப்பேச்சு என் செவியில் விழுகிறது. அண்மையில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, இரண்டில் எது பொய்?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். இரண்டும் பொய்யல்ல என்று நான் சொன்ன விடை அவளுக்குத் திருப்தி தரவில்லை. தராதது நியாயமே. அந்த விடைக்கு விளக்கம் வேண்டும்.

முதலில் வெப்பமானியின் சுபாவத்தை அறிந்துகொள்வோம். எந்த வெப்பமானியும் காற்றின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. தன் வெப்பநிலையைத்தான் காட்டுகிறது. தான் எவ்வளவு சூடாக இருக்கிறோம் என்பதொன்றே அதற்குத் தெரியும். அதன் சூடும் சுற்றியுள்ள காற்றின் சூடும் ஒன்றாக இருக்கும்படி ஏற்பாடு செய்வது நம்முடைய பொறுப்பு. வெயில் அதன்மேல் படலாகாது. அருகில் சூடான பொருள் இருக்கலாகாது. காற்று அதன்மீது தாராளமாக ஓட வேண்டும். போதிய நேரமும் தர வேண்டும். காய்ச்சல் பார்க்கும் மருத்துவர் வெப்பமானியைச் சிறிது நேரம் நாவின் அடியில் வைத்திருக்கச் சொல்கிறார் அல்லவா? அதையே எடுத்து வெயிலில் கிடத்தினால், நோயாளியின் காய்ச்சலைச் சொல்லாது. வெயிலின் காய்ச்சலைச் சொல்லும்.

காரில் உள்ள கருவி பாதரசத்தால் ஆனதன்று. தெர்மிஸ்டர் எனப்படும் ஒரு சிறு மணி அது. உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டுச் செய்வது. சாதாரண உலோகக் கம்பியில் சூடு ஏற ஏற மின்தடை அதிகமாகும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தெர்மிஸ்டரில் நேர்மாறு. சூடு ஏறினால் மின்தடை வெகுவாகக் குறைகிறது. 25 டிகிரியில் உள்ள மின்தடை, 0 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். இவ்வளவு பெரிய மாறுதலை அளப்பது எளிது. ஆகவே மலிவான கருவியாயினும் பிழை ஒரு டிகிரி அளவில்தான் இருக்கும். (நான் இங்கே சொல்லும் டிகிரிகள் யாவும் செல்சியஸ் அளவே.)

அப்படியானால் ஐந்து ஆறு டிகிரி வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கருவியில் குற்றமில்லை; அது குடியிருக்கும் இடத்தில்தான் குற்றம். பெரும்பாலான கார்களில் இது முன்பக்கத்து பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்படுகிறது. சில கார்களில் பக்கக் கண்ணாடியின் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. பம்பருக்குப் பின்னால் வெயில் படாது, ஓடும்போது காற்றும் நன்றாக வரும்; ஆனால் எஞ்சினும் ரேடியேட்டரும் அடுத்த வீட்டுக்காரர்கள். பக்கக் கண்ணாடியில் எஞ்சினின் தொல்லை குறைவு. வெயிலில் காய்ந்த கதவும் கண்ணாடிக் கூடும் தொல்லை தரும். இதைவிட நல்ல இடம் காரில் இல்லையா என்றால், உண்டு. ஆனால் கார் செய்பவர் இக்கருவியை வானிலை ஆராய்ச்சிக்காக வைக்கவில்லை. உள்ளே குளிர்காற்றுத் தரும் இயந்திரம் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று நிர்ணயிப்பதற்கு வெளிச்சூடு உத்தேசமாகத் தெரிந்தால் போதும். அந்த உத்தேசத்தையே நமக்கும் எண்ணாகக் காட்டுகிறார்.

கார் ஓடும்போது எதிர்க்காற்று எஞ்சின் சூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. நின்றால் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ரேடியேட்டரின் சூடும், கீழேயுள்ள தார்ச்சாலையின் சூடும், முன்னே நிற்கும் லாரியின் புகைக்குழாய்ச் சூடும் கருவியைச் சூழ்ந்துகொள்கின்றன. நெரிசலில் 47 என்று கண்டது இந்தக் கூட்டுச் சூட்டையே.

கார் செய்யும் பொறியியலாளருக்கு இது தெரியாததன்று. அவர்கள் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பல கார்களில், வண்டி ஓரளவு வேகத்துடன் சில நிமிடம் தொடர்ந்து ஓடினாலன்றி, காட்டும் எண்ணை உயர்த்துவதில்லை. கருவியின் சூடு குறைந்தால் மட்டும் உடனே குறைத்துக் காட்டும். ஏன் இந்தப் பாரபட்சம்? காரின் முன்புறத்தில் கருவியைக் கெடுக்கக்கூடியவை ஏறக்குறைய எல்லாமே சூடான பொருள்கள். ஆகையால் எண் உயர்ந்தால் சந்தேகிக்கலாம், தாழ்ந்தால் நம்பலாம். எஞ்சினை நிறுத்திச் சற்று நேரத்தில் மீண்டும் ஓட்டினால், முன்பு நினைவில் வைத்த எண்ணையே சில கார்கள் காட்டுவதும் இதனால்தான். இதற்கும் ஒரு விலை உண்டு. குளிர்ந்த இடத்திலிருந்து புறப்பட்டு வெப்பமான ஊருக்குள் மெதுவாக நுழையும் கார், பழைய குளிரையே நெடுநேரம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் எழக்கூடும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று கருவியைக் குளிரவைத்து, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டாதா? கல்லூரி மாணவர்களும் இக்கேள்வியைக் கேட்பதுண்டு. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மின்விசிறியின் முன்னால் உலர்ந்த வெப்பமானியை வைத்தால் அது இறங்காது. நமக்கு விசிறி குளிர்ச்சி தருவது, நம் உடல் காற்றைவிடச் சூடாக இருப்பதாலும் வியர்வை ஆவியாவதாலும். உலர்ந்த வெப்பமானிக்கு வியர்வை இல்லை. அதன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு விசிறியைப் போடுங்கள், மளமளவென்று இறங்கும். மழையில் நனைந்த காரின் கருவி சிறிது குறைத்துக் காட்டினால் அதற்கும் இதுவே காரணம்.

உண்மையில் வேகம் சூட்டைச் சிறிது கூட்டவே செய்கிறது. எதிர்வரும் காற்று கருவியில் மோதி நிற்கும்போது அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இது 0.4 டிகிரிக்கும் குறைவு. காருக்கு இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இவ்விளைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தில் 30 டிகிரி அளவுக்கு வந்துவிடும். வெளியே காற்று சுழிக்குக் கீழ் 50 டிகிரியில் இருக்க, விமானத்தின் கருவி கீழ் 20 என்கும். கணக்குப் போட்டுக் கழித்தே உண்மை நிலையை அறிகிறார்கள். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச்சென்ற கன்கார்டு விமானத்தின் மூக்கு, உறைபனிக் குளிரில் பறந்தும் 100 டிகிரிக்கு மேல் காய்ந்தது. அதற்கு 127 டிகிரி என்று வரம்பு கட்டியிருந்தார்கள்.

இனி வானிலை நிலையத்திற்குப் போவோம். அங்கே வெப்பமானி வெள்ளை வண்ணம் பூசிய ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். நாற்புறமும் சாய்வுப் பலகைகள். காற்று புகும், வெயில் புகாது. பெட்டி நிற்பது திறந்த வெளியில். கருவியின் உயரம் தரையிலிருந்து 1.25 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடையில். நம் நாட்டில் கதவு வடக்கு நோக்கியிருக்கும். திறந்து பார்க்கும் வேளையில் வெயில் உள்ளே விழாதிருப்பதற்காக. இதை வகுத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியியலாளர்; 'புதையல் தீவு' கதையை எழுதிய ஆர். எல். ஸ்டீவன்சனின் தந்தை. மகனின் புகழ் பெரிது. ஆனால் தந்தையின் பெட்டியையும் அவர் வகுத்த முறையையும் உலகெங்கும் கடைப்பிடித்தார்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நிழலில், ஒரே மாதிரி உயரத்தில் அளந்ததால்தான் சென்னையையும் தில்லியையும் ஒப்பிட முடிகிறது; சென்ற ஆண்டையும் நூறாண்டுக்கு முந்திய ஆண்டையும் ஒப்பிட முடிகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று என்றால், அது இந்த முறையில் அளந்த 45.

முறை தவறினால் வானிலை நிலையத்தின் எண்ணும் செல்லாது. லிபியா நாட்டில் எல் அஜீஜியா என்னும் ஊரில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி என்று குறித்தார்கள். தொண்ணூறு ஆண்டு அது உலகத்தின் உச்சமாகப் பாடநூல்களில் இடம்பெற்றது. 2012-இல் உலக வானிலை நிறுவனம் அதை நீக்கிவிட்டது. பழக்கமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்கிறார், பிழை 7 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு.

ஆனாலும் காரின் எண்ணை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வெயிலேறிய தார்ச்சாலையை ஒட்டிய காற்று, தலை உயரத்துக் காற்றைவிட மிகச் சூடானது. அந்தச் சூட்டு வேறுபாடு ஒளியை வளைப்பதால்தான் தூரத்துச் சாலையில் கானல்நீர் தெரிகிறது. கருவி இருப்பது முழங்கால் உயரத்தில். அங்குள்ள சூட்டை அது அறிந்து சொல்கிறது. சாலையில் நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் அனுபவிப்பது அந்தச் சூட்டில் ஒரு பங்கு அல்லவா? 1927-இல் வியன்னா நகரில் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற விஞ்ஞானி, காரில் வெப்பமானியைப் பொருத்தித் தெருத்தெருவாக ஓட்டி, நகரின் நடுப்பகுதி புறநகரைவிடச் சூடாயிருப்பதை அளந்தார். கருவியை இடமறிந்து வைத்தால் காரும் ஆராய்ச்சிக்கு உதவும்.

கோடைச் சூட்டில் ஐந்து டிகிரி பிழையால் வீண் வாதம்தான் வரும். குளிர் நாடுகளிலோ இரண்டு டிகிரிப் பிழையில் உயிர் போகலாம். அங்கே பல கார்களில் வெளி வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரிக்கு இறங்கியதும் ஒரு விளக்கு எரிந்து, மணியும் ஒலிக்கும். நீர் உறைவது 0 டிகிரியில் அல்லவா, இப்போதே ஏன் எச்சரிக்கை?

விடையை நான் நீலகிரியில் கண்டேன். ஒரு ஜனவரி மாத விடியலில் உதகையை அடுத்த தலைகுந்தா வழியாக நண்பரின் காரில் சென்றபோது, காரின் எண் 3 என்று காட்டியது. சாலையோரப் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி. காற்று 3 டிகிரியில் இருக்கப் புல் எப்படி உறைந்தது? மேகமற்ற, காற்றடங்கிய இரவில் தரையும் புல்லும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டு, மேலுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துபோகின்றன. காற்று சுழிக்கு மேல் இருக்கும்போதே தரை சுழிக்குக் கீழே போய்விடலாம். எஞ்சின் சூட்டால் கருவி ஒரு டிகிரி கூட்டிக் காட்டுமானால் இடைவெளி இன்னும் பெரிது. காரின் வெப்பமானி காற்றில் தொங்குகிறது. சக்கரமோ சாலையைத் தொடுகிறது.

ஐரோப்பியச் சாலைகளில் ஈரம் இவ்வாறு உறைந்தால், கண்ணாடிபோன்ற மெல்லிய படலமாகப் படியும். அடியிலுள்ள தார் அதனூடே தெரிவதால், பார்ப்பதற்கு நனைந்த சாலை போலவே இருக்கும். பாலங்கள் முதலில் உறையும். மேலும் கீழும் குளிர்காற்று வீச, தரையின் வெப்பம் அவற்றுக்குக் கிட்டுவதில்லை. இதனால் பிரிட்டன், சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளில் சாலையின் பரப்பிலேயே கருவிகளைப் பதித்து அதன் வெப்பநிலையைத் தனியே அளக்கிறார்கள். உப்புத் தூவும் வண்டிகளை எப்போது அனுப்புவது என்பதை அவ்வெண்ணைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். காலையில் வெயில் ஏறி, காரின் எண் 5-ஐத் தாண்டி, எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகும், மரநிழலிலும் பாலத்தின்மீதும் அந்தப் படலம் உருகாமல் கிடப்பதுண்டு. அவ்விடங்களை நெருங்கும்போது விளக்கு எரிகிறதா என்று பாராமல், வேகத்தைக் குறைத்து, பிரேக்கைச் சட்டென்று மிதியாமல் கடந்துசெல்வது அந்நாட்டுத் தேர்ந்த காரோட்டிகளின் வழக்கம்.