உம்மம்மாவின் நெஞ்சுப் படபடப்பு

சென்ற நோன்பில் ஒரு சஹர் நேரம், உம்மம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்டுமில்ல புள்ள, நெஞ்சு படபடக்குது" என்றார். ஒரு வருடமாகவே இப்படி வந்து போகிறதாம். எங்களைக் கவலைப்படுத்தக் கூடாதென்று மறைத்திருக்கிறார். வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன் படபடப்பு நின்றுவிட்டது. ஈ.சி.ஜி.யும் சரியாகவே இருந்தது.

எங்களுக்கு நிம்மதி, வைத்தியருக்கு இல்லை. ஈ.சி.ஜி. எடுக்கும் சில விநாடிகளின் துடிப்பையே காட்டும். வந்து போகும் நோயை, வரும்போதுதான் பிடிக்க வேண்டும்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். குடாச்சோணைக் கணு அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று உயிரியலில் படிக்கிறோம். சிலருக்கு மின்கணத்தாக்கம் வேறு வழியில் சுற்றிச் சுழல்வதால் துடிப்பு திடீரென 150க்கும் மேல் ஏறி, திடீரென நிற்கும். ஆனால் சீராக இருக்கும். இது பெரும்பாலும் உயிராபத்தானதல்ல. மற்றொரு வகையில் சோணையறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்கும். துடிப்பு தாறுமாறாக இருக்கும். வயது கூடக்கூட இது அதிகம் வரும். அப்போது சோணையறையில் தேங்கும் குருதி கட்டியாகி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் ஏற்படலாம். படபடப்பு நின்றாலும் இந்த அபாயம் நின்றுவிடுவதில்லை. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து அதைப் பெரிதும் குறைக்கும்.

அதனால் வீட்டில் நாம் செய்யக்கூடியது எளிது. படபடப்பு வந்தால் உட்கார வைத்து, பெருவிரலின் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். எத்தனை, சீரா சீரற்றதா, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதி வைக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே 1990 இலவச அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

நான் எழுதிய கொப்பியைப் பார்த்துத்தான் வைத்தியர் 24 மணி நேரம் உடலில் பொருத்தும் ஹோல்டர் பரிசோதனைக்கு அனுப்பினார். சீரற்ற துடிப்பு அதில் பிடிபட்டது. மருந்தும் தொடங்கியாயிற்று.

இப்போது உம்மம்மா எதையும் மறைப்பதில்லை. படபடத்தால் அவரே கூப்பிடுகிறார்: "புள்ள, கொப்பிய எடு!"