வலென்சியா மாகாணமும் அதன் வாய்க்கால் நியாயசபையும்

ஸ்பெயின் தேசத்தின் கீழ்க்கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டி அமைந்துள்ளது வலென்சியா மாகாணம். அதன் விஸ்தீரணம் சுமார் 4,200 சதுர மைல். மேற்கே வறண்ட மலைகளும் திராட்சை, ஒலிவம், வாதுமை முதலியன விளையும் மேட்டுப் புஞ்சைகளும் உள்ளன. கிழக்கே கடலோரமாக ஒடுங்கிய வண்டல் சமவெளி நீண்டு கிடக்கிறது. இச் சமவெளிக்கு உயிர்நாடியாக விளங்குவன இரண்டு நதிகள். வடக்கிலுள்ள துரியா சுமார் 175 மைல் ஓடி வலென்சியா நகரத்தருகே கடலை அடைகிறது. தெற்கிலுள்ள ஹூக்கார் அதனினும் பெரியது. சுமார் 310 மைல் நீளமுள்ளது. இரண்டும் அயல் மாகாணங்களின் மலைகளில் பிறந்து வருவனவே.

கரையோரத்தில் வருஷத்துக்குச் சராசரி 18 அங்குலம் மழைதான் பெய்கிறது. அதிலும் கோடை மூன்று மாதமும் அநேகமாக மழையே இல்லை. இலையுதிர் காலத்திலோ ஒரே நாளில் பேய்மழை கொட்டுவதுண்டு. பயிர் வாடும்போது வானம் திறப்பதில்லை. அறுவடையாகி ஓய்ந்திருக்கும்போது வெள்ளம் வருகிறது. இத்தகைய நிலத்தை வருஷத்தில் இரண்டு மூன்று போகம் காய்கறி விளையும் தோட்டமாக வைத்திருப்பது அங்குள்ள வாய்க்கால்களும், அவற்றினும் மேலாக, அவ் வாய்க்கால் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையுமே யாகும்.

வலென்சியா நகரம் கி.மு. 138-ல் ரோமர்களால் ஸ்தாபிக்கப்பட்டது. கி.பி. 8-ம் நூற்றாண்டு முதல் ஐந்நூறு வருஷ காலம் முஸ்லிம் அரசர்கள் ஆண்டனர். அணை, வாய்க்கால், நீர்ச்சக்கரம் முதலியவற்றுக்கு ஸ்பெயின் மொழியில் இன்றும் வழங்கும் பெயர்கள் அரபுச் சொற்களின் திரிபே. 1238-ம் வருஷம் ஆரகான் தேசத்து அரசன் முதலாம் ஜேம்ஸ் நகரைக் கைப்பற்றி, நிலங்களைத் தன் படைவீரர்க்கும் குடிகளுக்கும் பங்கிட்டான். ஆனால் நீர் விஷயத்தில் அவன் புதுமை எதுவும் செய்யத் துணியவில்லை. மறு வருஷமே, வாய்க்கால்களைப் பாசனக் குடிகளுக்கே உரிமையாக்கி, முஸ்லிம்கள் காலத்தில் எவ்வாறு வழங்கியதோ அவ்வாறே நீர் வழங்க வேண்டுமென்று சாஸனம் அளித்தான். மொன்காதா என்னும் பெரிய வாய்க்காலை மட்டும் முதலில் தனக்கென வைத்துக்கொண்டு, பின்னர் அதனையும் குடிகளிடம் ஒப்படைத்தான். வென்றவன் தோற்றவருடைய வழக்கத்தைச் சட்டமாக்கியது சரித்திரத்தில் அருமையாகக் காணும் செய்தி. ஆனால் அவ் வழக்கத்தை உண்டாக்கிய மக்களின் சந்ததியாருக்கு அவ்வளவு தயை கிட்டவில்லை. முஸ்லிம் குடிகளின் வழிவந்தோர் அனைவரும் 1609-ல் தேசத்தை விட்டுத் துரத்தப்பட்டனர். வலென்சியா ராஜ்யம் தன் ஜனங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழந்தது. பல கிராமங்கள் ஆளின்றிக் கிடந்தன.

நீர்ப் பங்கீட்டு முறையைச் சற்று விரிவாகக் காண்போம். துரியா நதியின் நீரை 138 பங்குகளாகப் பாவிப்பது பழைய வழக்கம். ஒரு பங்குக்குப் 'பிலா' என்று பெயர். இதில் மொன்காதா வாய்க்காலுக்கு 48 பங்கு. குவார்த், மெஸ்தாயா, பவாரா, ராஸ்கானியா, ரோபேயா ஆகிய ஐந்துக்கும் தலைக்கு 14. தோர்மோஸ், மிஸ்லாதா இரண்டுக்கும் தலைக்கு 10. பிலா என்பது இத்தனை கன அடி என்று வரையறுத்த அளவன்று என்பதே இதன் நுட்பம். நதியில் எவ்வளவு நீர் வருகிறதோ அதில் 138-ல் ஒரு பங்குதான் பிலா. ஆறு பெருகினால் பிலாவும் பெருகும். ஆறு சுருங்கினால் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே விகிதத்தில் சுருங்கும். மேல்மடைக்காரன் முழுதும் பாய்ச்சிக்கொள்ளக் கீழ்மடைக்காரன் கைபிசைந்து நிற்பதற்கு இம் முறையில் இடமில்லை. வாய்க்கால் கிளை பிரியுமிடங்களில், ஓடும் நீரை இரண்டாகப் பிளக்கும் கற்கூர்கள் கட்டப்பட்டுள்ளன. அளவுகோலும் கணக்கும் இல்லாமலே கல்லே பங்கைப் பிரித்துவிடுகிறது. அளந்து கொடுப்பவனை நம்ப வேண்டிய அவசியமில்லாததால் அவனைப் பற்றிய புகாரும் இல்லை.

ஒரு வாய்க்காலுக்குள் பாய்ச்சல் முறை வைத்து நடைபெறுகிறது. தன் முறை வந்ததும் குடியானவன் தன் வயலுக்கு வேண்டிய அளவு பாய்ச்சிக்கொள்ளலாம். நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நீரை வீணாக்கலாகாது. முறை வந்தபோது பாய்ச்சத் தவறினால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். வறட்சிக் காலத்தில் வாய்க்கால் நிர்வாகியின் அதிகாரம் கூடும். எந்தப் பயிர் முந்திக் கருகுமோ அதற்கு முதலில் நீர் என்று அவர் தீர்மானிப்பார். வருஷந்தோறும் வாய்க்கால் மராமத்துக்கும் தூர்வாருதலுக்கும் நிலத்தின் அளவுக்கேற்ப வரி வசூலிக்கப்படும். அங்கு நிலத்தை 'பனெகாடா' என்ற அளவால் கணக்கிடுகின்றனர். ஒரு பனெகாடா சுமார் 20 சென்ட். சில பனெகாடாக்களே உடைய சிறு குடியானவர்தாம் அச் சமவெளியில் மிகுதி.

நீர் நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விற்றால் நீரும் உடன் போகும். நீரை மட்டும் தனியே விற்க முடியாது. இது அடிப்படை ஷரத்து. இதன் அருமை, தெற்கே அலிகாந்தே மாகாணத்திலுள்ள எல்ச்சே என்னும் ஊரின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கு நீருரிமை நிலத்தினின்றும் பிரிந்து, தனிச் சொத்தாகி ஏலத்தில் விற்கப்பட்டு வந்தது. ஒரு பிடி மண்ணும் இல்லாதவர் நீருக்கு உடையவராயிருந்தனர். வறட்சி மிகுந்தால் நீரின் விலை ஏறும். கையில் பணமில்லாத உழவனுடைய பயிர் காயும். நீர் மிகக் குறைந்த அவ்வூரில் ஏல முறையே சிக்கனத்துக்கு உதவியது என்று கூறுவாரும் உளர். ஆயினும் வலென்சியாக் குடியானவர் அதனை ஒருநாளும் விரும்பவில்லை.

இனி நியாயசபை. துரியாவின் எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பிரதிநிதிகள். மேலே கூறியவற்றுள் மொன்காதா நீங்கலாக ஏழும், பெனாச்செர்-பைதானார் என்பதும் சேர்ந்து எட்டாகும். பிரதிநிதியைப் பாசனக் குடிகளே தேர்ந்தெடுக்கின்றனர். அவர் தம் நிலத்தைத் தாமே பயிரிடுபவராயிருக்க வேண்டும். வக்கீலோ உத்தியோகஸ்தரோ அப் பதவிக்கு வர இயலாது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் மணி அடித்ததும், வலென்சியா பிரதானக் கோயிலின் அப்போஸ்தலர் வாசலில், இரும்பு வேலிக்குள் இட்ட எட்டு நாற்காலிகளில், குடியானவர் அணியும் கறுப்பு மேற்சட்டையோடு இவர்கள் அமர்கின்றனர். சேவகன் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூவி, அவ் வாய்க்காலில் பிராது உண்டா என்று கேட்பான். நீர்க்கட்டி பிராது சொல்வான். பிரதிவாதி தானே பதில் சொல்வான். வழக்கறிஞர் இல்லை, மனு இல்லை, முத்திரைக் கட்டணம் இல்லை. விசாரணை முழுதும் வலென்சிய மொழியில் வாய்மொழியாகவே நடைபெறும்.

அங்கு வரும் குற்றங்களை எந்தக் கிராம உத்தியோகஸ்தரும் உடனே இனங்கண்டு கொள்வார்: முறையின்றி மடை திறத்தல், கரையை வெட்டுதல், தன் வயலில் மிஞ்சிய நீரை அயலான் வயலில் வழியவிட்டு அவன் பயிரைக் கெடுத்தல், வாய்க்காலைத் துப்புரவு செய்யாதிருத்தல். பிரதிவாதி எந்த வாய்க்காலைச் சேர்ந்தவனோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. எதிர்க்கரை வாய்க்காலைச் சேர்ந்தவரே தலைமை வகிப்பார். தீர்ப்பு அங்கேயே, அப்போதே. அப்பீல் கிடையாது.

அப்பீல் இல்லாமை பெரிய குறையன்றோ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வலென்சியாவில் பிறந்த நாவலாசிரியர் பிளாஸ்கோ இபானியெஸ் 1898-ல் எழுதிய 'லா பராக்கா' என்னும் நாவலில், ஊராரின் பகைக்கு ஆளான ஓர் உழவன் பொய்ப் பிராதின்பேரில் இச் சபையின் முன் நிறுத்தப்பட்டு, நிரபராதியாயிருந்தும் தண்டிக்கப்படுகிறான். கிராமத்தார் ஒன்றுகூடி ஒருவனை ஒதுக்கினால், கிராமத்தாரே நியாயாதிபதிகளாக உள்ள சபையில் அவனுக்குப் புகலிடம் ஏது? இக் குறையை மறைப்பதற்கில்லை. எனினும் மற்றொன்றையும் எண்ண வேண்டும். பயிருக்கு வேண்டிய நீர் இந்த வாரம் வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் நியாயமான தீர்ப்பால் கருகின பயிர் துளிர்க்காது. 1813-ல் காதிஸ் நகரில் கூடிய தேசிய சபை, பழைய தனி நியாயஸ்தலங்களை எல்லாம் எடுத்துவிட முனைந்தபோது, வலென்சியாவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ ஹவியேர் போர்ருல் இச் சபைக்காக வாதாடினார். அரசர்களும் குடியரசும் சர்வாதிகாரமும் மாறிமாறி வந்த தேசத்தில் இச் சபை மட்டும் நிலைத்து நின்றது. 1978-ம் வருஷத்து அரசியல் சட்டம் வழக்கத்தில் வந்த நியாயசபைகளுக்கு இடமளித்தது. 1985-ம் வருஷத்து நீதி பரிபாலனச் சட்டத்தில் இதன் பெயரே குறிப்பிடப்பட்டது. 2009-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 1960-ல் இதன் ஆயிரமாவது ஆண்டு விழாக் கொண்டாடினர். அது கர்ண பரம்பரையை நம்பிச் செய்தது. எழுத்து ஆதாரம் ஜேம்ஸ் அரசனின் காலத்திலிருந்தே தொடங்குகிறது.

இந்தியாவின் பாசன வேலைகளுக்குப் பயன்படும் பொருட்டு இம் முறை சென்ற நூற்றாண்டுக்கு முந்தியே ஆராயப்பட்டது. 1860-ல் நீலகிரிக்குச் சிங்கோனா மரத்தைக் கொணர்ந்த கிளெமென்ட்ஸ் மார்க்கமே, கீழ் ஸ்பெயினின் பாசனத்தைப் பற்றி 1867-ல் அறிக்கை எழுதியவர். வங்காள எஞ்சினீயர் படையைச் சேர்ந்த ஸ்காட் மான்க்ரீப் மறு வருஷம் தென் ஐரோப்பியப் பாசனத்தைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார்.

நகரத்துக்குத் தெற்கே அல்புபேரா என்னும் நன்னீர் ஏரி உளது. இப்போது அதன் நீர்ப்பரப்பு சுமார் 7,000 ஏக்கர். பழங்காலத்தில் இதனினும் பன்மடங்கு பரந்திருந்தது. குடியானவர் படகுகளில் மண் ஏற்றி வந்து ஏரியின் ஓரங்களைத் தூர்த்துத் தூர்த்து நெல்வயல்களாக்கிய வரலாறு அங்கு உண்டு. நெல் அம் மாகாணத்துக்குச் செல்வத்தையும் காய்ச்சலையும் சேர்த்தே கொணர்ந்தது. தேங்கிய நீரில் மலேரியா பரவியதால் இடைக்காலத்து அரசர்கள் சிலர் நெற்பயிரைத் தடுத்தனர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில், தாவர சாஸ்திரியும் பாதிரியாருமான கவனில்யெஸ் மாகாணம் முழுதும் சுற்றி, நெல் விளையும் ஊர்களில் சாவு மிகுதி என்று எழுதி, சாகுபடியைக் குறைக்கும்படி வற்புறுத்தினார். குடியானவர் கேட்கவில்லை. 1860-ல் எந்தெந்த நிலத்தில் நெல் பயிரிடலாம் என்று எல்லை வகுத்துச் சட்டம் செய்தனர். ஸ்பெயின் மலேரியா நீங்கிய தேசமென 1964-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

இப்போது அல்புபேராவைச் சுற்றி 35,000 ஏக்கருக்கு மேல் நெல் விளைகிறது. மே மாதம் விதைத்துச் செப்டம்பரில் அறுப்பர், ஒரே போகம். ஏரியினின்றும் கடலுக்குச் செல்லும் மூன்று வடிகால்களில் மதகுகள் உண்டு. நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் நெற்குடியானவர்க்கும் செம்படவர்க்கும் என்றும் இழுபறிதான். அறுவடைக்குப்பின் வைக்கோலை வயலிலேயே எரிப்பது குறித்து நகரத்தாரோடு ஒரு தகராறும் நடந்து வருகிறது. 'பொம்பா' என்னும் பழைய நெல்வகை உயர்ந்து வளர்ந்து எளிதில் சாயும், மகசூலும் குறைவு. ஆயினும் குழையாமல் வேகும் அதன் அரிசிக்கு நல்ல விலை கிடைப்பதால் அதனை விடவில்லை.

ஆரஞ்சின் கதை சுருக்கமானது. 1781-ல் கார்க்கெஷெந்த் என்னும் ஊரில் விசெந்தே மொன்சோ என்ற பாதிரியார், ஒரு பத்திர எழுத்தர், ஒரு மருந்துக் கடைக்காரர் ஆகிய இருவரையும் துணைக்கொண்டு முதன்முதல் வியாபாரத்துக்காக ஆரஞ்சுத் தோப்பு வைத்தார். 19-ம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழு நோயால் முசுக்கட்டைச் சாகுபடி அழிந்ததும் அவ்விடத்தை ஆரஞ்சு பிடித்துக்கொண்டது. 1950-களின் இறுதியில் தோன்றிய 'திரிஸ்தேஸா' என்னும் வைரஸ் நோய், புளிப்பு ஆரஞ்சு அடிமரத்தில் ஒட்டிய மரங்களைக் கோடிக்கணக்கில் மாய்த்தது. நோயைத் தாங்கும் வேறு அடிமரத்தில் ஒட்டிப் புதிதாக நட்டே தொழிலை மீட்டனர். நகரத்துக்கு வடக்கே அல்போராயா ஊரைச் சுற்றிக் கோரையினத்துக் கிழங்கொன்றைப் பயிராகவே விளைவித்து, அதிலிருந்து பானம் வடிக்கின்றனர். கோரையைக் களைந்து சலித்தவர்க்கு இது வியப்பாயிருக்கும்.

நீரைப் பங்கிடத் தெரிந்த இந் நாட்டார் வெள்ளத்தை வெல்ல முடிந்ததில்லை. 1957 அக்டோபர் 14-ல் துரியா பெருகி நகரத்துள் புகுந்தது. 80-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் நதியையே நகரத்துக்குத் தெற்கே புதிய கால்வாயில் திருப்பிவிட்டனர். பழைய நதிப்படுகை இன்று பூங்கா. 1982 அக்டோபரில் ஹூக்கார் நதியின் தோஸ் அணை உடைந்து கீழுள்ள ஊர்களை மூழ்கடித்தது. 2024 அக்டோபர் 29-ல் தூரிஸ் என்னும் ஊரில் ஒரே நாளில் 30 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. புதிய கால்வாய் நகரத்தைக் காத்தது. ஆனால் அதற்குத் தெற்கே, சாதாரண நாளில் உலர்ந்து கிடக்கும் போயோ ஓடை பெருகி ஊர்களை வாரிக்கொண்டது. மாகாணத்தில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை சென்றது இரவு 8 மணி 11 நிமிஷத்துக்கு; அதற்குள் பல தெருக்களில் வெள்ளம் ஆளுயரம் எழும்பிவிட்டது. ஓடைக்கரையில் வீடு கட்ட அனுமதித்தது யார், எச்சரிக்கை தாமதித்தது ஏன் என்ற கேள்விகள் அங்கு உரக்க எழுந்தன.

நியாயசபைக்கு வறட்சியினும் வெள்ளத்தினும் பெரிய விரோதி நகரமே. 1950-களில் துரியாவின் மேலே பெனாஹேபர் அணை கட்டியபின் கோடைப் பஞ்சம் தணிந்தது. சொட்டுநீர்ப் பாசனமும் பரவி வருகிறது. ஆகவே நீர்த் தகராறுகள் குறைந்தன. நிலமும் உடன் குறைந்தது. வீடும் சாலையும் தொழிற்சாலையும் வாய்க்கால்களின்மேல் எழுந்தன. லா புந்தா என்னும் பகுதியில் துறைமுகச் சரக்குக் கிடங்குகளுக்கென்று குடியானவரின் நிலங்களை 2000-ம் வருஷத்தையொட்டிக் கையகப்படுத்தி, வீடுகளை இடித்தனர். பின்னர் பல வருஷம் அந் நிலம் தரிசாகவே கிடந்தது. 2018-ல் தோட்ட நிலங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றினர். மறு வருஷம் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் இப் பாசன முறையைச் சிறந்த விவசாயப் பாரம்பரியங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

பல வியாழக்கிழமைகளில் பிராதே வருவதில்லை. சேவகன் எட்டுப் பெயர்களையும் கூவிய சில நிமிஷங்களில் சபை கலைந்துவிடும். ரோபேயா வாய்க்காலின் பாசன நிலம் ஏறக்குறைய முழுவதும் நகரத்துள் மறைந்துவிட்டது. அதன் பெயரும் கூவப்படுகிறது; அதன் பிரதிநிதியும் தம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.