கிளாரினெற்றும் உதட்டுப் பயிற்சியும்

கிளாரினெற் வாத்தியத்தின் இனிமை விரல்களிலேயே தங்கியுள்ளதென்று பலர் எண்ணுவர். விரல்கள் சுரத்தைத் தெரிந்தெடுக்கின்றன; நாதத்தின் குணத்தைத் தீர்மானிப்பதில் உதடுகளுக்கே பெரும்பங்கு உண்டு. ஊதுமுனையிற் பொருத்தப்பட்ட ஒற்றை நாணற் சீவாளி மூச்சுக்காற்றால் அதிர்கின்றது. அவ்வதிர்வை அடக்கி ஆள்பவை உதடுகளே.

முனையைப் பற்றும் முறைகள் இரண்டு. பெருவழக்கான ஒற்றையுதட்டு முறையில், கீழுதடு கீழ்ப்பற்களின்மேல் மடிந்து சீவாளிக்கு மெத்தையாகின்றது. மேற்பற்கள் ஊதுமுனையின்மேல் நேரே பதிகின்றன. இரட்டையுதட்டு முறையிலோ மேலுதடும் மேற்பற்களின்கீழ் மடிக்கப்படுகின்றது.

முன்னையது வாத்தியத்தை அசையாது நிறுத்தும். ஆனால், ஊதுபவர் தம்மையறியாமற் கடிக்கத் தொடங்கின் சீவாளியின் அதிர்வு ஒடுங்கி நாதம் மெலியும். பின்னையதிற் கடித்தால் உதடு உடனே நோகும். அந்நோவே கண்டிக்கும் ஆசானாகின்றது. எனினும் மேலுதடு விரைவிற் களைக்கும். நின்று வாசிக்கையில் வாத்தியமும் தளம்பும்.

அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் பெனி குட்மன் 1909 ஆம் ஆண்டு பிறந்தவர். 1938 இல் நியூயோர்க் கார்னெகி மண்டபத்தில் வாசித்துப் பெரும்புகழ் ஈட்டினார். அத்தகையவர் நாற்பது வயதளவில் ஆங்கிலேயக் கலைஞர் ரெஜினால்ட் கெலிடம் மாணவராய் அமர்ந்து, இரட்டையுதட்டு முறையைப் புதிதாகப் பயின்றார். கைவந்த கலையையே பணயம் வைத்த துணிவு அது. பொஸ்டன் சிம்பொனி வாத்தியக் குழுவில் 1970 முதல் 1993 வரை முதன்மைக் கிளாரினெற் கலைஞராயிருந்த ஹரல்ட் ரைட்டும் இம்முறையையே கையாண்டார். ஒற்றையுதட்டு முறையிற் சிறந்தோரோ இவர்களினும் பலர். ஆகவே, எம்முறை உயர்ந்தது என்பதன்று வினா. எம்முறை தமக்கு இசைகின்றது என்பதே மாணவர் ஆராயவேண்டியது.

இரட்டையுதட்டு முறையைப் பயில விரும்புவோர், முதலில் அமர்ந்து, வாத்தியத்தின் அடிவாயை முழங்காலிலே தாங்கிக்கொள்க. தாழ்ந்த சுரங்களை நீட்டி மெல்ல ஊதுக. தொடக்கத்தில் நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். உதடு களைத்ததும் நிறுத்துக. கன்னம் உப்புகின்றதா என்பதைக் கண்ணாடி காட்டும். சில கிழமைகள் கழிந்தபின், ஒரே இசைப்பகுதியை இரு முறைகளிலும் வாசித்து, இன்னொருவரை முகந்திருப்பியிருந்து கேட்கச் செய்க. கண்ணாற் காணாத செவி பக்கஞ்சாராது தீர்ப்புக் கூறும்.

ஒற்றையுதட்டு முறையிலேயே நிலைத்திருக்க விரும்புவோருக்கும் இப்பயிற்சி வீண்போகாது. எவ்வளவு கடித்து ஊதிவந்தனர் என்பதை அந்த ஐந்து நிமிடமே அவர்களுக்கு உணர்த்திவிடும்.