உங்களுக்குத் தெரியுமா? பார்க்காமலே கம்பு தாண்டும் பின்னங்கால்!

தரையில் கிடக்கும் கம்பைக் குதிரையின் பின்னங்கால்கள் நினைவை வைத்தே தாண்டுகின்றன. வயிற்றுக்கு அடியில் போன கம்பு குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டுதான் காலைத் தூக்கி வைக்கிறது.

• உடம்பு இளகும்: முதுகில் ஏறாமல், கயிற்றைப் பிடித்துக் கம்பைத் தாண்டி மெதுவாக நடத்தினாலே போதும். கம்பைக் கடக்கக் குதிரை கால் மூட்டுகளை வழக்கத்தைவிட நன்றாக மடக்குகிறது. கவனம் தரைக்கு வருவதால் மிரட்சியும் குறையும்.

• கம்புகளின் இடைவெளி: நடைக்குச் சுமார் 80 முதல் 90 செ.மீ. குட்டையான குதிரைக்கு இன்னும் குறைக்கலாம். முதலில் ஒரே கம்பு. பழகியபின் மூன்று, நான்கு.

• நிம்மதியின் அடையாளம்: கழுத்து தாழும். மூக்கால் ‘புர்ர்’ என்று காற்று விடும். இந்த மூச்சொலி நல்ல மனநிலையோடு தொடர்புடையது என்று 2018இல் பிரான்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

• எம்.ரெட்டியபட்டி போன்ற கரிசல் ஊர்களில் செய்ய: சாரம் கட்டும் சவுக்குக் கம்பே போதும். கோடையில் வெடித்த கரிசலும், மழையில் ஒட்டும் கரிசலும் வேண்டாம். சமமான மணல்தரை நல்லது. கம்பு உருண்டால் குளம்பு இடறும். இரு முனைகளிலும் மணல்மூட்டை வைத்து நிறுத்துங்கள்.

• புதுக் குதிரைக்கு: ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி, லாரியில் வந்திறங்கும் குதிரைக்கு முதலில் ஓய்வு கொடுங்கள். பிறகு சவாரிக்கு முன் இந்த நடையைப் பழக்குங்கள். குதிரைக்கும் உங்களுக்கும் நம்பிக்கை வளரும்.