இணையக் கூட்டத்தின் வாசலில் காத்து நிற்பவர் யார்?

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் இரவு 8 மணிக்கு. மகன் பதிவிறக்கம் செய்து கொடுத்த ‘ஸூம்’ செயலியுடன் 7.50 மணிக்கே கைப்பேசியும் கையுமாக அமர்ந்துவிடுகிறார் மூத்த உறுப்பினர் ஒருவர். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடுகிறார். நடத்துநர் விரைவில் அனுமதிப்பார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் தோன்றுகிறது. எட்டு மணியாகிறது, எட்டே கால் ஆகிறது. அந்த வரி மாறவே இல்லை.

மறுபக்கம், கூட்டத்தை நடத்தும் செயலாளரின் திரையில் தெரிவது அவருடைய பெயரன்று. ‘கேலக்ஸி’ என்ற கைப்பேசியின் பெயர்தான் தெரிகிறது. யாரென்றே தெரியாத ஒருவரை உள்ளே விடக்கூடாது என்று செயலாளர் தயங்குகிறார். அதற்குள் கணக்கறிக்கை வாசிக்கப்படுகிறது, வாக்கெடுப்பும் முடிந்துவிடுகிறது. “நம்மள வேணும்னே உள்ள விடல” என்ற மனத்தாங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

இது குறிப்பிட்ட ஒரு சங்கத்தின் கதையன்று. இணையத்தில் கூடும் எந்தச் செயற்குழுவிலும், எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. கிருமிப்பரவல் காலம் முடிந்த பிறகும் இத்தகைய கூட்டங்கள் தொடர்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவு வேலையில் இருப்பவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், ஜோகூரிலிருந்து வந்துபோகும் உறுப்பினர், விடுப்பில் தமிழகம் சென்றிருக்கும் பொருளாளர் என எல்லாரையும் ஒரே அறையில் சேர்ப்பது எளிதன்று. ஒரே இணைப்பில் சேர்க்கலாம். ஆனால் அதற்கான வேலை கூட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

எந்தச் செயலி?

ஐந்தாறு பேர் பேசிக்கொள்ள வாட்ஸ்அப் போதும். அதன் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். எல்லாருடைய கைப்பேசியிலும் ஏற்கெனவே இருப்பதே அதன் பெரிய பலம். அதற்குமேல் ஆள் சேர்ந்தால், அலுவலகங்களில் புழங்கும் மென்பொருள்களை நாட வேண்டும். வெளிநாட்டு உறவினருடன் பேசப் பலர் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டதால், அந்தப் பழக்கமும் இப்போது வேறிடம் தேடுகிறது.

ஸூம், கூகல் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகிய மூன்றிலும் இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. ஸூமில் 40 நிமிடம். மற்ற இரண்டிலும் குழு அழைப்புக்கு 60 நிமிடம். நேரம் முடிந்ததும் பேச்சு பாதியில் இருந்தாலும் அழைப்பு அறுந்துவிடும். தலைவர் உரையைச் சுருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் “கேட்குதா? கேட்குதா?” என்பதிலேயே முதல் 12 நிமிடம் போய்விட்டால், ஸூமில் எஞ்சுவது 28 நிமிடம்தான். ஆண்டுப் பொதுக்கூட்டம் போன்ற நீண்ட கூட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்திக் கணக்கை உயர்த்திக்கொள்வது புத்திசாலித்தனம். மாதச் சந்தா முடிந்ததும் அது தானாகவே புதுப்பிக்கப்படாதபடி நிறுத்திவைக்க மறக்கக்கூடாது.

சிலர் தங்கள் நிறுவனம் கொடுத்த டீம்ஸ் கணக்கிலேயே சங்கக் கூட்டத்தையும் அமைத்துவிடுகிறார்கள். வசதிதான், ஆனால் வேண்டாம். அந்தக் கணக்கும் அதில் நடக்கும் கூட்டமும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. வெளியாள்கள் சேர்வதை நிறுவனம் தடுத்து வைத்திருக்கலாம். அவர் வேலை மாறினால், மாதந்தோறும் பயன்படுத்திய இணைப்பும் அவரோடு போய்விடும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, அதைக்கொண்டு கணக்கு திறந்தால், நிர்வாகிகள் மாறினாலும் கணக்கு மாறாது.

இணைப்பு ஒரு சாவி

கூட்டத்தை உடனடியாகவும் தொடங்கலாம், முன்கூட்டியே நாள் குறித்தும் வைக்கலாம். இரண்டாவதே நல்லது. ஸூம் செயலியில் ‘ஷெட்யூல்’ என்பதை அழுத்தித் தலைப்பு, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்தால் ஓர் இணைப்பும், கூட்ட எண்ணும், மறைச்சொல்லும் கிடைக்கும். கூகல் மீட்டில் எண்ணுக்குப் பதிலாகக் கோடிட்டுப் பிரிக்கப்பட்ட பத்து ஆங்கில எழுத்துகள் இருக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸூம் இணைப்பு நீளமாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் அதற்குள்ளேயே மறைச்சொல்லும் உருமாற்றி வைக்கப்பட்டிருப்பதுதான். அதனால்தான் இணைப்பைத் தொடுபவரிடம் மறைச்சொல் கேட்கப்படுவதில்லை. அந்த இணைப்பை ஃபேஸ்புக்கில் போட்டால், வீட்டுச் சாவியைப் புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் மாட்டிவைப்பதற்குச் சமம்.

அதன் விளைவைச் சிங்கப்பூர் 2020 ஏப்ரலிலேயே பார்த்துவிட்டது. மாணவர்கள் வீட்டிலிருந்து கற்கத் தொடங்கிய சில நாள்களில், புவியியல் பாடம் ஒன்றின் இடையே வெளியாள்கள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டினர். ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு நிறுத்திவைத்தது. கூடுதல் பாதுகாப்பு அம்சங்களைச் சேர்த்த பிறகே மீண்டும் படிப்படியாக அனுமதித்தது. ஸூம் நிறுவனமும் அதே ஏப்ரலில், இலவசக் கணக்குகளில் மறைச்சொல்லும் காத்திருப்பு அறையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது.

ஆக, மூத்த உறுப்பினரை வெளியே நிறுத்திய அந்தக் காத்திருப்பு அறை, விஷமிகளைத் தடுக்க வந்தது. அதை அணைத்துவிடுவது தீர்வாகாது. வாசலில் நிற்பவரை அடையாளம் காண ஏற்பாடு செய்வதே தீர்வு.

பெயரில் இருக்கிறது எல்லாம்

ஸூம், டீம்ஸ் இரண்டிலும் கூட்டத்தில் சேர்வதற்குக் கணக்கு திறக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. செயலி இருந்தால் போதும். இணைப்பைத் தொட்டதும் பெயர் கேட்கும் கட்டம் வரும். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டால், ‘ஐஃபோன்’ என்றோ பேத்தியின் பெயரிலோ உள்ளே நுழைய நேரிடும். “உறுப்பினர் பட்டியலில் உள்ள உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்” என்ற ஒரு வரியை, இணைப்புடன் சேர்த்தே அனுப்ப வேண்டும். தமிழிலும் பெயரை எழுதலாம்.

கூட்டம் நடத்துபவரே பேசிக்கொண்டும், குறிப்பெடுத்துக்கொண்டும், கதவையும் பார்த்துக்கொண்டும் இருப்பதுதான் பல கூட்டங்களில் நடக்கும் தவறு. கதவுக்கென்று ஒருவரை ஒதுக்க வேண்டும். கட்டணக் கணக்கில் அவரை இணை நடத்துநராக நியமிக்கலாம். ஸூம் இலவசக் கணக்கில் அந்த வசதி இல்லை. ஆனால், கூட்டம் தொடங்கியபின் நடத்துநர் பொறுப்பையே அவரிடம் மாற்றிக் கொடுக்கலாம். அப்போது தலைவரும் செயலாளரும் கூட்டத்தில் மட்டும் கவனம் செலுத்தலாம்.

கதவைப் பார்ப்பவரிடம் உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் இருக்க வேண்டும். ‘கேலக்ஸி’ என்று ஒருவர் நின்றால், இன்னும் வராதவர்களின் பட்டியலைப் பார்த்து, “ஐயா, நீங்களா காத்திருக்கீங்க?” என்று அழைத்துக் கேட்டுவிடலாம். இணைப்பைத் தொடத் தடுமாறுபவருக்குக் கூட்ட எண்ணையும் மறைச்சொல்லையும் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டலாம். அதற்காகவே மறைச்சொல் எழுத்துகள் கலக்காமல் எண்களாக மட்டும் இருப்பது நல்லது.

முகம் தெரியுது, குரல் வரல

உள்ளே வந்தபின் அடுத்த தடை ஒலி. ஸூமைக் கைப்பேசியில் திறப்பவர், எந்த வழியில் ஒலியைப் பெறுவது என்று கேட்கப்படும்போது ‘வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா’ என்பதைத் தொட வேண்டும். அந்தக் கட்டத்தை மூடிவிட்டால், அவருக்கு எதுவும் கேட்காது, அவர் பேசுவதும் யாருக்கும் கேட்காது. ஒலிவாங்கியைப் பயன்படுத்த அனுமதி கேட்கும்போது, ஏதோ மோசடி என்று பயந்து மறுத்துவிடுபவர்களும் உண்டு. மோசடி எச்சரிக்கைகளைத் தினமும் கேட்கும் மூத்தோர் அப்படிச் செய்வதில் வியப்பில்லை. பின்னர் கைப்பேசியின் அமைப்புகளுக்குச் சென்று, ஸூம் செயலிக்கு ஒலிவாங்கி அனுமதியைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

எதிரொலி கிளம்பினால் அநேகமாக ஒரே அறையில் இரண்டு கருவிகள் இயங்குகின்றன என்று பொருள். கணவர் மடிக்கணினியிலும் மனைவி கைப்பேசியிலும் சேர்ந்திருப்பார்கள். ஒன்றின் ஒலிபெருக்கியில் வரும் குரலை மற்றொன்றின் ஒலிவாங்கி பிடித்துத் திரும்ப அனுப்பும். ஒரு கருவியின் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் சேர்த்தே அணைக்க வேண்டும். ஒலிவாங்கியை மட்டும் அணைத்தால் பாதிதான் தீரும்.

தம்பதியர் ஒரே கருவியில் சேர்ந்தால் வேறொரு சிக்கல். இருவரும் உறுப்பினர்கள் என்றாலும், மென்பொருளின் கணக்கில் அவர்கள் ஒருவரே. திரையில் காட்டப்படும் எண்ணிக்கையை வைத்துக் குறைந்தபட்ச வருகையாளர் எண்ணிக்கையைக் கணக்கிட்டாலோ, செயலியின் வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்தினாலோ ஒரு வாக்கு காணாமல் போகும். பெயர் சொல்லி வருகை எடுப்பது பழைய முறைதான். ஆனால் அதுவே இங்கு நம்பகமானது.

இணையத்தில் எடுத்த முடிவு செல்லுமா என்பது இன்னொரு கேள்வி. கொவிட்-19 காலத்தில் தற்காலிகச் சட்டத்தின்கீழ் இணையவழிக் கூட்டங்களுக்கு வழங்கப்பட்ட சிறப்பு ஏற்பாடு 2023 ஜூலை 1ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. எனவே, “அப்போது செய்தோமே” என்று இருந்துவிடாமல், சங்கத்தின் சட்டவிதிகளில் அதற்கு இடமிருக்கிறதா என்று செயலாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரையில் வரும் பெயரை யாரும் தட்டச்சு செய்யலாம். முகத்தையும் இப்போது நம்ப முடிவதில்லை. 2024ன் தொடக்கத்தில் ஹாங்காங்கில் நிறுவன ஊழியர் ஒருவர், காணொளி அழைப்பில் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் ‘பார்த்த’ நம்பிக்கையில் மொத்தம் 200 மில்லியன் ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார். அழைப்பில் இருந்த மற்ற அனைவரும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். அழைப்பில் யார் பணம் அனுப்பச் சொன்னாலும், தெரிந்த எண்ணில் அவரைத் தனியாக அழைத்து உறுதிசெய்த பிறகே அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ‘ஸ்கேம்ஷீல்டு’ உதவி எண்ணை அழைக்கலாம்.

முதல் நாளே ஓர் ஒத்திகை

அழைப்புச் செய்தியில் ‘இரவு 8 மணி’ என்று மட்டும் போடுவது போதாது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நேரம் ஒன்றே. தமிழகத்திலும் இலங்கையிலும் அப்போது மாலை 5.30 மணி. விடுப்பில் ஊருக்குப் போயிருப்பவர் எட்டு மணிக்குச் செயலியைத் திறந்தால், கூட்டம் முடிந்து எல்லாரும் தூங்கத் தயாராகியிருப்பார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள், அதே இணைப்பில் பத்து நிமிட ஒத்திகை வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் வரத் தேவையில்லை. புதியவர்களும் மூத்தவர்களும் வந்தால் போதும். பெயர் எழுதுவது, ஒலியை இணைப்பது, ஒலிவாங்கியைத் திறந்து மூடுவது ஆகிய மூன்றை மட்டும் செய்துபார்க்கலாம். பக்கத்தில் கற்றுத்தர யாரும் இல்லாதவர்கள், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள ‘எஸ்ஜி டிஜிட்டல்’ சமூக நடுவங்களுக்குக் கைப்பேசியை எடுத்துச் சென்றால், மின்னிலக்கத் தூதர்கள் நேரில் செய்துகாட்டுவார்கள். மறுநாள் மாலை, வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே இணைப்பைத் தேடவிடாமல், கூட்டம் தொடங்க 15 நிமிடம் இருக்கும்போது அதை மீண்டும் ஒருமுறை அனுப்பிவிடலாம்.